பிரேரித்தவர் சின்னாச்சி

என் தம்பி கனகசபாபதி எனக்குப் பதினொரு வயது இளையவன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவன் பேராதனையில் படித்து, நோர்வேயில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்து, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருப்பவன். எங்கள் குடும்பத்தில் அவனைப்போல் படித்தவர் முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை. அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம், அவனுடைய மூன்று வருட வேலை ஒரே பின்னேரத்தில் உடைந்துபோன விதத்தை என்னைத் தவிர வேறொருவரும் சரியாக எழுத முடியாது. உடைத்தது என்னுடைய கையெழுத்து.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அவன் கொழும்பில் இருந்தான். கலவரத்தில் புத்தகங்களையும் உடுப்புகளையும் விட்டு அகதி முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினான். முகாமைப் பற்றி மற்றவர்கள் சொன்னது ஒன்று, அவன் சொன்னது வேறொன்று. ஒரு குழாய்க்கு நூற்றுக்கணக்கான ஆட்கள். வரிசை எப்படி என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் வைத்தார்களாம். அதில் பேசியவர்கள் ஏழு பேர்தானாம். ஏழு பேரும் கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஆண்களாம். கைக்குழந்தையோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம். ஏன் என்ற அந்தக் கேள்விதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

நோர்வேக்குப் போனது அதற்காகத்தான். கடல், காற்று, போர், அகதிகள் என்று உலகம் முழுவதற்கும் பொதுவான காரியங்கள் உண்டு. அவற்றை உலகத்தார் கூடிப் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சனங்கள் கூடிப் பேசும் விதம் இடத்துக்கு இடம் வேறு. நோர்வேயில் மீன்பிடித் தீவு ஒன்றில் கை உயர்த்தி எண்ணுவார்களாம். ஆபிரிக்காவில் அவன் ஏழு மாதம் இருந்த மலைக்கிராமத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை மரநிழலை விட்டு எழும்பமாட்டார்களாம். இந்த விதங்களை அறியாமல் உலகத்துக்கு ஒரு சபையைக் கூட்டினால் அங்கேயும் அந்த ஏழு பேர்தான் பேசுவார்கள் என்பான். மூன்றாவது இடமாக அவன் எடுத்துக்கொண்டது எங்கள் ஊரை. அதிலும் எங்கள் மாதர் சங்கத்தை.

எங்கள் குறிச்சி கோப்பாய்க்குக் கிழக்கே, நீரேரியை ஒட்டியது. மாதர் சங்கத்தின் தலைவி சிவக்கொழுந்து ரீச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபத்துநாலாம் ஆண்டு தொடக்கம் நான் காரியதரிசி. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாலு மணிக்கு வாசிகசாலையில் கூட்டம். பதினைந்து வருடத்தில் நூற்றைம்பத்தொன்பது கூட்டங்கள் நடந்தன, இருபத்தொன்று நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணமும் எழுதி வைத்திருக்கிறேன். கூட்ட அறிக்கைகள் ஐந்து தடித்த சீஆர் கொப்பிகளில், ஒன்றிலும் வெட்டுக்கொத்து இல்லை. கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் என் அறிக்கைப் புத்தகத்தை வேறு சங்கங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் உண்டு.

எண்பத்தொன்பதில் தம்பி அந்தப் புத்தகங்களைக் கேட்டான். தான் கூட்டத்துக்கு வந்து குந்தினால் பெண்கள் கதைக்கமாட்டார்கள், ஆண்பிள்ளை ஒருத்தன் இருக்கிறான் என்று தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பார்கள், ஆகையால் தான் வராமல் இருப்பதே நேர்மை என்றான். எனக்கு அது சரியாகப் பட்டது. கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டான்.

“அக்கா, இதிலை எழுதினதெல்லாம் நடந்ததுதானே?”

“ஓம்” என்றேன். பாலர் பாடசாலைக்கு வேலி அடைத்ததும், தையல் வகுப்புத் தொடங்கியதும், கிணற்றுக்கு மதில் கட்டியதும் எல்லாம் நடந்தவைதானே.

அதன்பிறகு அவன் மேசை முழுக்க அட்டவணைகள். உறுப்பினர் நாற்பத்திரண்டு பேரின் பேரையும் ஓர் ஓரத்தில் எழுதி, ஒவ்வொரு தீர்மானத்தையும் முன்வைத்துப் பிரேரித்தவர் யார், அதை ஆமோதித்தவர் யார் என்று கோடு போட்டு எண்ணினான். எண்ண எண்ண அவன் முகம் மாறியது. எந்தப் பேரை எடுத்தாலும் பதினைந்து தரம், கூடினால் பதினாறு தரம் வந்தது. நோர்வேத் தீவில்கூடப் படகுச் சொந்தக்காரர்தான் கூடப் பேசினார்களாம். இங்கே காணிக்காரியும் கூலிக்குப் போகிறவளும் ஒரே அளவு பேசியிருக்கிறார்கள் என்றான். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒருவரையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டது நான்தானே என்று நினைத்தேன். அவன் எண்ணிக்கொண்டிருப்பது எதை என்று எனக்கு உறைக்கவேயில்லை. இப்போது யோசித்தாலும் அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

கட்டுரையை மண்ணெண்ணெய் விளக்கில் தட்டெழுதி, தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து ஜெனீவாவில் வெளிவரும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினான். மறுமொழி அடுத்த தையில்தான் வந்து சேர்ந்தது. கட்டுரையைப் போடுகிறார்கள். ஐப்பசியில் நடக்கும் மாநாட்டில் அவனே வந்து வாசிக்க வேண்டும், செலவு அவர்களுடையது. கலாநிதிப் பட்டத்துக்கும் அந்தக் கட்டுரையே அடிப்படை என்று அவனுடைய பேராசிரியர் தனியாக எழுதியிருந்தார். ஒரேயொரு வேண்டுகோள்: கட்டுரையின் நடுவில் வரும் ஓர் ஏழைப் பெண்ணின் வாய்மொழியில் நாலு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் சின்னாச்சி. எங்கள் குறிச்சியின் வடக்கு ஒழுங்கையில் இருப்பவள், வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை. வேலை இல்லாத நாளில் கூட்டத்துக்கு வந்தால் வாசலோடு இருப்பாள்.

தம்பி ஒரு ஞாயிறு பின்னேரம் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் பின்னால் வர, முன்னால் சின்னாச்சி வந்தாள். மண் காயாத தோட்டச் சேலை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“என்ரை பேரை எதிலை எழுதி வைச்சிருக்கிறியள், பத்மாக்கா?”

அந்தப் போர் நாட்களில் எவரிடம் எந்தப் பட்டியல் இருக்கிறது, அதில் யாருடைய பேர் இருக்கிறது என்பதுதான் எல்லாருக்கும் இருந்த பயம். படித்த ஒருத்தன் வாசலில் வந்து நின்று, உங்கள் பேர் ஒரு புத்தகத்தில் பதினைந்து தரம் இருக்கிறது, வெளிநாட்டில் அச்சடிக்கப்போகிறார்கள் என்று சந்தோசமாகச் சொல்லியிருக்கிறான்.

இது சங்கத்துப் புத்தகம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் வாசித்துக் காட்டச் சொன்னாள். தம்பி கொப்பிகளை எடுத்து வந்து, அவள் பேர் வரும் இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தான். வாசிகசாலைக்கு யன்னல் சீலை தைக்க வேண்டுமென்று திருமதி சின்னாச்சி அவர்கள் பிரேரித்தார். மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தருக்கு நன்றி தெரிவிக்க வேண்டுமென்று திருமதி சின்னாச்சி அவர்கள் பிரேரித்தார். அவள் குறுக்கே சொன்னாள்:

“நான் கதைக்கிறதெண்டால் உப்பிடி வடிவாக் கதைக்கமாட்டன், தம்பி.”

அவன் சிரித்தான். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கட்டுரையின் நடுப்பகுதியாக இருந்த அந்த அறிக்கைக்கு வந்தான். 1984 பங்குனி 10. நல்ல தண்ணீர்க் கிணற்றில் அளவுக்கு மீறி அள்ளுவதால் தண்ணீர் உவர்க்கிறது. ஆகவே மதிற் கதவைப் பூட்டி, காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை நாலு முதல் ஆறு வரையும் மட்டும் திறப்பதென, பிரேரித்தவர் திருமதி சின்னாச்சி, ஆமோதித்தவர் திருமதி அருந்ததி. ஏகமனதாக நிறைவேறியது.

“திருப்பி வாசி” என்றாள். திருப்பி வாசித்தான்.

“கிணத்துக்குப் பூட்டுப் போடச் சொன்னது நானோ?”

காலை ஐந்தரைக்குத் தோட்டத்துக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புகிறவள் தான் என்றாள். பூட்டுப் போட்ட நாள் தொடக்கம் எட்டு வருடமாக முக்கால் மைல் நடந்து மற்றக் கிணற்றில் அள்ளுகிறாளாம். பூட்டுப் போட்டவர்களை அந்த வழி முழுக்கத் திட்டிக்கொண்டு நடந்திருக்கிறாளாம்.

தம்பி கொப்பியை மூடவில்லை. அவனுடைய கட்டுரை அந்த நேரங்களைப் பற்றித்தான். தான் அள்ள முடியாத நேரங்களை ஓர் ஏழைப் பெண் தானே முன்வந்து பிரேரித்தாள், கூடிப் பேசும்போது மனிதர் தங்கள் நலனை விட்டுப் பொதுநலத்துக்கு வரமுடியும், இதற்குப் படிப்போ செல்வமோ தேவையில்லை, உலக சபைகளும் இதை நம்பலாம் என்று எழுதியிருந்தான். அவன் என்னைப் பார்த்தான்.

நான் உள்ளபடியே சொன்னேன். மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அதுவரை நான் நினைத்ததில்லை. கூட்டத்துக்கு முதல்நாள் ரீச்சர் வீட்டுக்குப் போவேன். என்ன தீர்மானம் என்று அவ சொல்லுவா. அன்றைக்கே அறிக்கையை எழுதி முடித்துவிடுவேன், வந்தவர்களின் வரவும் நேரமும் மட்டும் பிறகு நிரப்புவேன். கூட்டத்தில் ரீச்சர் தீர்மானத்தை மட்டும் வாசித்து, சரிதானே என்று கேட்பா. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம். ஆனால் பிரேரித்தவர், ஆமோதித்தவர் என்று பேர் போடாவிட்டால் அறிக்கை செல்லாது. ஒரே ஆளின் பேரைப் போட்டால் மற்றவர்களுக்கு மனக்குறை. ஆகையால் உறுப்பினர் பட்டியலை ஒரு மட்டையில் எழுதி, ஒழுங்குப்படி முறை வைத்துப் போட்டு வந்தேன். ஒருவரையும் விட்டதில்லை. பங்குனி பத்தாம் திகதி சின்னாச்சியின் முறை வந்தது.

தம்பி கொப்பியை மூடி மேசையில் வைத்தான்.

“நூற்றைம்பத்தொன்பது கூட்டத்தையும் வீட்டிலை இருந்தே நடத்தி முடிச்சிருக்கிறியள், அக்கா” என்றான். பிறகு, “கிணத்து நேரத்தை உண்மையிலை ஆர் சொன்னது? ரீச்சரோ?”

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ரீச்சர் என்று சொல்லியிருக்கலாம்.

“நான்தான்” என்றேன்.

தண்ணீர் உவர்த்துக்கொண்டு வந்தது உண்மை. அதைக் கண்டு ரீச்சரிடம் சொன்னது நான். காலை எந்த நேரம், மாலை எந்த நேரம் என்று யோசித்து எழுதிக்கொண்டு போனதும் நான். வீட்டில் இருக்கும் பெண்கள் சமையலுக்கு முன்னும் விளக்கு வைக்க முன்னும் அள்ளும் நேரத்தை வைத்தேன். தோட்டத்துக்குப் போகிறவர்கள் எப்போது அள்ளுவார்கள் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. இவ்வளவும் கவனிக்கிற எனக்கு அது தோன்றவேயில்லை.

சின்னாச்சி சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். “அப்ப நான் எட்டு வருசமாத் திட்டினது உங்களைத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் தம்பி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. எனக்கு அவனுடைய ஐப்பசிப் பயணம்தான் கண்ணுக்குள் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை, நான் என் வாழ்நாளில் சொன்னவற்றில் மிகவும் கெட்ட வார்த்தையைச் சொன்னேன். இது எங்கள் மூன்று பேருக்கும்தான் தெரியும், நான் வெளியே விடமாட்டேன், சின்னாச்சி வாசிக்கத் தெரியாதவள், ஜெனீவாவில் அச்சடிப்பது அவளுக்கு எட்டாது என்றேன்.

“அவவுக்கு வாசிக்கத் தெரியாதபடியால்தானே அக்கா பதினைஞ்சு வருசமா உங்கடை மட்டையிலை இருந்தவ.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவன் சொன்னது முழுக்கச் சரியில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களின் பேரையும் அப்படித்தான் போட்டேன். ஆனால் அவர்கள் கையெழுத்து வைக்கும்போது பார்த்தார்கள், பேசாமல் விட்டார்கள். சின்னாச்சி பார்க்க வழியே இருக்கவில்லை. அதை நினைத்தபோது பானையில் நீர் வற்றுவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

சரி, அந்த ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாமே என்று மத்தியானம் கேட்டேன். அட்டவணையை என் முன்னால் விரித்தான். “இதிலை எங்கடை ஊர்ச்சனம் ஒருத்தரும் இல்லை. எல்லா எண்ணும் உங்கடை எண்” என்றான். அன்று பின்னேரமே, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் காரணம் இன்னதென்றும் கடிதம் எழுதினான். பேராசிரியருக்கும் ஒரு பிரதி. கொழும்புக்குப் போகும் ஆள் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் கடிதம் மேசையில் என் கண் முன்னால் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அவன் மனம் மாறாதா என்று பார்த்தேன். அவன் மாறவில்லை.

ரீச்சருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவ சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்துவிட்டா. சங்கத்தின் மானம் போனது என்றா. பெயரை முறை வைத்துப் போட்டது பிழையென்றே அவவுக்குப் படவில்லை. “உலகம் முழுக்க உப்பிடித்தான் பிள்ளை அறிக்கை எழுதிறது. உன்ரை தம்பி படிச்சும் இது தெரியேல்லையோ?”

அதை வீட்டில் வந்து சொன்னபோது, அத்தனை நாளுக்குப் பிறகு தம்பி முதல்முறை வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பெரிய சபைகளிலும் கூட்டம் தொடங்க முன்னரே முடிவறிக்கையை எழுதி வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுவதுண்டு என்று தான் வாசித்திருப்பதாகவும், அதை ஒருநாளும் இதோடு சேர்த்து யோசித்ததில்லை என்றும் சொன்னான். பென்சிலை எடுத்து எதையோ எழுதத் தொடங்கினான். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவன் இழந்தது என் கண்ணில் நின்றது.

பங்குனி பதினாலாம் திகதி கூட்டத்துக்கு நான் வெறும் கொப்பியோடு போனேன். சொல்வதை மட்டுந்தான் எழுதுவேன் என்று ரீச்சரிடம் முன்னரே சொல்லியிருந்தேன். வேறு விடயம் உண்டோ என்று அவ கேட்டபோது எழும்பி, கிணற்று நேரம் என்னுடைய யோசனை, சின்னாச்சியின் பேரில் எழுதிவிட்டேன், அதைத் திரும்பவும் பேச வேண்டும் என்றேன். முப்பத்தொரு பேர் இருந்தார்கள். முதலில் அருந்ததிதான் வாய் திறந்தா. தான் ஆமோதித்தது உண்மை, தனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது, அதையும் பொய்யென்று எழுதிவிட வேண்டாம் என்றா. எண்பத்துநாலாம் ஆண்டு பங்குனி பத்தாம் திகதி அவ மூத்த மகளைப் பெற்று ஆசுபத்திரியில் இருந்தவ. வரவுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவ அதைப் பார்த்துவிட்டு, “அப்ப எனக்கு எப்பிடி ஞாபகம் வந்தது?” என்று என்னையே கேட்டா. அந்தக் கேள்வியையும் கொப்பியில் எழுதினேன்.

வாசலில் இருந்து சின்னாச்சியின் குரல் வந்தது. “பூட்டை எடுக்கவேண்டாம். தண்ணி உவர்க்கிறது எனக்கும் தெரியும். அந்தப் பூட்டுக்கு எனக்கும் ஒரு திறப்பைத் தாங்கோ.”

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், இரண்டாவது திறப்புத் தொலைந்தால் யார் பொறுப்பு, தோட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ண வேண்டும், எட்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் என்றெல்லாம் கேட்டார்கள். யார் சொன்னது என்று பிடித்து எழுத என் கைக்கு வேகம் போதவில்லை. இருட்டுப்பட, விளக்குக்கு எண்ணெய் இல்லாமல், முடிவெடுக்காமலே எழும்பிப் போனோம். அறிக்கை ஒன்பது பக்கம், வெட்டுக்கொத்து நிறைய. ரீச்சர் அதில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டா. இரண்டாவது திறப்பு வைகாசிக் கூட்டத்தில்தான் கிடைத்தது, அதுவும் ஆறு பேருக்குப் பொதுவாக.

ஐப்பசியில் ஜெனீவாவில் மாநாடு நடந்தது. அன்றைய தினம் தம்பி வகுப்பு எடுத்துவிட்டு வந்து வழக்கம்போலச் சாப்பிட்டான். பட்டம் பின்போனது. ஆனால் அவன் விடவில்லை. இரண்டு வருடம் இருந்து, எங்கள் ஊரைப்போல அறிக்கை ஒன்றும் பேச்சு வேறொன்றுமாக இருக்கும் சபைகளைப் பற்றிப் புதிதாக ஒரு கட்டுரை எழுதினான். என்னுடைய ஐந்து கொப்பிகளும் அந்த ஒன்பது பக்கமும்தான் அதன் முதற்பகுதி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் அதைப் போடுவதாகக் கடிதம் வந்தது.

அனுப்ப முன்னர் என்னிடம் ஒரு விசயம் கேட்டான். ஆராய்ச்சியில் ஆட்களின் பேரை மாற்றிப் போடுவது வழக்கமாம். எனக்கு அவமானம் வராமல் வேறொரு பேரைப் போடட்டுமா என்றான்.

“வேண்டாம் தம்பி. செய்தது நான். இன்னொருத்தியின்ரை பேரைப் போடாதை.”

சின்னாச்சியிடம் அவனே போய்க் கேட்டான். அவளும் ஒரே பேச்சில் முடித்தாளாம். தன் பேர் வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் வேண்டாம், சொன்னதை மட்டும் எழுதலாம் என்று. அந்தக் கட்டுரையில் திறப்புக் கேட்ட பெண்ணுக்குப் பேர் இல்லை.